பேரா, பங்கா? தோட்டச் சம்பளச் சண்டைக்குள் இருக்கும் கணக்கு

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் என்று ஏதாவது ஒரு தொகை எப்போதும் செய்தியில் இருக்கும். ஒரு காலம் 1,000 ரூபாய், அப்புறம் 1,700, இப்போது 1,750. அதே செய்தியின் கீழ்ப்பாதியில் கம்பனிகள் தரப்பின் வாதமும் வந்துவிடும்: நாட்சம்பளம் என்பதே பழைய முறை, தொழிலாளியை வருமானப் பங்காளி ஆக்கினால் இதைவிடக் கூட உழைக்கலாம்.

வாசிக்கிறவருக்கு இரண்டுமே நல்ல சேதியாகத்தான் தெரியும். அப்படியானால் பங்கு முறை என்றதும் ஹட்டனிலும் பதுளையிலும் பலர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? தொகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்டால் விஷயம் விளங்கும். மழை பெய்யாமல் போனால், ஏலத்தில் விலை விழுந்தால், கிழட்டுச் செடி கொழுந்து விடாமல் நின்றால், அந்த நட்டம் யார் தலையில்? மலையகத்தில் இந்தக் கேள்விக்குக் காலத்துக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் அந்தக் காலத்து அரசியல், பொருளாதார எண்ணம் ஒன்று நிற்கிறது.

முதலில் சொற்கள்

1. பேர். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு இது. "இந்த மாசம் இருபது பேர்" என்றால் இருபது நாள் சம்பளம் என்று அர்த்தம், இருபது ஆட்கள் அல்ல.

2. நோர்ம். ஒரு பேர் விழ எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்பது அடிக்கடி காதில் விழும் எண். குறைந்தால் அரைப்பேர் என்பதே பல தோட்டங்களில் நடப்பு.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பார்த்தால் இதன் கனம் தெரியும். மத்தியான நிறுவையில் சாக்கு தராசில் தொங்குகிறது, முள் 9இல் நிற்கிறது. சாக்குக்கும் மழைத் தண்ணிக்கும் என்று கழித்து 8 என்று எழுதுகிறார்கள். ஒரு கிலோதானே என்று தோன்றும். மூன்று நிறுவையிலும் ஒவ்வொரு கிலோ போய், நாள் முடிவில் 20க்குப் பதில் 17 நின்றால், நோர்முக்குக் குறைந்த அந்த ஒரு கிலோவின் விலை அரை நாள் சம்பளம்.

3. அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவும். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன 1,750 ஒரே தொகை அல்ல. 1,550 அடிப்படை, 200 வருகை ஊக்குவிப்பு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். இவை அடிப்படையைப் பிடித்துக் கணக்கிடப்படுவதால்தான் தொழிற்சங்கங்கள் "எல்லாவற்றையும் அடிப்படையில் சேர்" என்று கேட்கின்றன. 1,550க்கு முதலாளி ஒவ்வொரு பேருக்கும் 232 ரூபாய் 50 சதம் நிதிகளில் போடவேண்டும். அந்த 200 ரூபாயைத் தருவது அரசாங்கம் என்பதையும் கவனிக்கவேண்டும். கம்பனி தோட்டத்தின் கூலியில் ஒரு பகுதியை வரிப்பணம் சுமப்பது சின்ன மாற்றம் அல்ல.

4. கூட்டு ஒப்பந்தமும் சம்பள நிர்ணய சபையும். முதலாவது, முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடுவது. இரண்டாவது 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலாளி, தொழிலாளி, அரசு என மூன்று தரப்பும் இருக்கும் சபை; அது முடிவெடுத்தால் வர்த்தமானியில் (அரசிதழில்) வரும். 2021இல் 1,000 ரூபாய் இந்த வழியில்தான் வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகியதும் அந்தச் சண்டையில்தான்.

5. வெளியாள் உற்பத்தி முறை, அல்லது வருமானப் பங்கு முறை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். பராமரிப்பதும் பறிப்பதும் குடும்பத்தின் வேலை. கொழுந்தைக் கம்பனி கிலோ விலைக்கு வாங்கும். பேர் கிடையாது.

துண்டிலிருந்து பேருக்கு

நாட்சம்பளம் பழைய முறை என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் இன்னொரு முறை இருந்தது, அதிலிருந்து தப்பி வந்த இடம்தான் நாட்சம்பளம்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் கங்காணி. வழிச்செலவு, முன்பணம், அரிசி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு "துண்டு" வேண்டும். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் விடுகிறோம் என்று எழுதிய காகிதம் அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் கைமாறியது கடன்தான், ஆனால் கூடவே மனிதரும் கைமாறினார்கள். கோப்பிக்கு நோய் வந்து அந்தத் தொழில் அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் துண்டு போகவில்லை. அதை ஒழிக்க 1921 வரை ஆனது.

அக்காலத்தில் ஆண்டவர்களின் பொருளாதார எண்ணம் சுதந்திரச் சந்தை. மலையகத்தில் அந்தச் சுதந்திரம் முதலுக்கு இருந்தது, ஆளுக்கு இல்லை. ஆட்களை அனுப்பும் இந்தியாவில் அரசியல் அழுத்தம் ஏறிய பிறகுதான் 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி வந்த முதல் விகிதத்தில் மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அதிகக் கொழுந்து எடுத்தவர்கள் பெண்கள். சம சம்பளம் 1984இல்தான் வந்தது.

1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் செத்தார். நாள் முழுக்க வேலை செய்தால் இவ்வளவு காசு உறுதி, மழைக்கும் விலைக்கும் நான் பொறுப்பில்லை என்ற ஒரு வரியைத் தோட்டத்துக்குள் கொண்டுவர இவ்வளவு நடந்தது. துரை நட்டப்பட்டாலும் பேர் விழுந்தால் காசு வரும். தேயிலைத் தொழிலின் அபாயம் முதன்முறையாகக் கொஞ்சமாவது முதலாளி பக்கம் நகர்ந்தது அப்போதுதான்.

உழைப்பவரா, அந்நியரா?

1930களிலும் 40களிலும் இரண்டு எண்ணங்கள் மலைக்கு ஏறி வந்தன. ஒன்று, உழைப்பவரெல்லாம் ஓரினம் என்ற இடதுசாரி எண்ணம். 1935இல் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சி அதைப் பேசியது. மற்றது, மண் மண்ணின் மக்களுக்கே என்ற தேசிய எண்ணம்.

இரண்டாவதை வெறும் துவேஷம் என்று தள்ளிவிட்டால் கதை பாதிதான் புரியும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் எழுத்து ஆதாரம் இல்லாத நிலத்தையெல்லாம் அரசுடையதாக்கியது. கண்டிச் சிங்களக் கிராமங்கள் சேனைப் பயிரும் மேய்ச்சலுமாக அனுபவித்த காடுகள் தோட்டங்களாயின. நிலம் போன கோபம் உண்மையானது. அதை எடுத்தவன் வெள்ளைக்காரன். ஆனால் பக்கத்து மலையில் கூடையோடு நின்றவர் தமிழர், கோபம் அவர்மேல் போனது.

1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. தோட்ட வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் முடிவு செய்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964இல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது அரசாங்கத்துக்குள் இருந்தது. மலையகத்தில் இடதுசாரிகள் ஏன் வேர்விடவில்லை என்று ஆராய்ச்சி செய்வோர் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கலாம்.

அப்புறம் தேசியமயம். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு போட்டது, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் சோஷலிசம். உழைப்பவருக்கு நிலம் என்பது அதன் அடிப்படை. இங்கே உழைத்தவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள், ஆகவே நிலம் பிரித்தபோது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சாவு விழுந்தது. 1977 மே மாதம், தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த கூட்டத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டார். முதலாளி மாறி அரசாங்கமே முதலாளியானது. தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளான லயம் அப்படியே இருந்தது.

1988, 2003 சட்டங்களோடு நாடற்ற நிலை முடிந்தது. ஒரு சமூகம் வாக்குச்சீட்டைத் திரும்பப் பெற நாற்பது, ஐம்பது வருடம் செலவிட்டால், காணி பற்றிப் பேச அதற்கு நேரம் எங்கே கிடைக்கும்?

1992இல் என்ன நடந்தது

அரசு நடத்திய தோட்டங்கள் நட்டத்தில் ஓடின. உலகம் முழுக்கத் தனியார்மயம் என்ற பேச்சு. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது, பின்பு பங்குகளும் விற்கப்பட்டன. நிலம் விற்கப்படவில்லை. அது அரசுடையது, கம்பனிக்கு 53 வருடக் குத்தகை. முடியும் வருடம் 2045.

இன்றைய குழப்பத்தில் பாதி இங்கிருந்து வருகிறது. வீட்டுக்குக் காணி கேட்டால் அரசாங்கம் கம்பனியின் சம்மதத்தைப் பார்க்கும், கம்பனி "நிலம் எங்களுடையது இல்லையே" என்று சொல்லும். குத்தகை முடியும் நாள் நெருங்க நெருங்க, பலன் தர வருடங்கள் பிடிக்கும் மறுநடுகையில் காசு போட யாருக்கும் மனம் வராது. செடி கிழடாகும். கிழட்டுச் செடியில் 18 கிலோ எடுப்பது கஷ்டம், ஆனால் நோர்ம் குறைவதில்லை.

2024இல் சண்டை உச்சத்துக்குப் போனது. மே மாதம் 1,700 ரூபாய் வர்த்தமானி, ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, செப்டெம்பரில் 1,350 அடிப்படை. மிச்ச 350 ஊக்கத்தொகை என்ற பேச்சோடு நின்றது. கம்பனிகள் பங்கு முறையைப் பலமாக முன்வைப்பது இந்தப் பின்னணியில்தான்.

பங்கு முறையின் கணக்கு

கம்பனிகளின் வாதத்தில் உண்மை இருக்கிறது. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி. ஏல விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் செலவு நிற்காது. தொழிலாளர் பக்கத்திலும் இதை விரும்புவோர் உண்டு: காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடவேண்டாம், கங்காணியின் ஏச்சுக் கேட்கவேண்டாம், விடியற்காலையில் இரண்டு மணி நேரம் எடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

1. ஏலத்தில் ஒரு கிலோ தேயிலை 1,200 ரூபாய் என்று வைப்போம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து வேண்டும்.

2. தெற்கிலும் சப்ரகமுவவிலும் சிறுதோட்டக்காரர் தொழிற்சாலைக்குக் கொழுந்து விற்கும்போது ஒரு விலைச் சூத்திரம் உண்டு: விற்ற பணத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 தொழிற்சாலைக்கு. அதன்படி 816 ரூபாய், கொழுந்துக் கிலோவுக்குச் சுமார் 181.

3. ஆகவே 18 கிலோவுக்கு 3,260 ரூபாய் சொச்சம். 1,750க்குப் பக்கத்தில் வைத்தால் இது பெரிய தொகை.

4. இனிக் கழிக்கவேண்டும். உரம், மருந்து, புல் வெட்டு, கவ்வாத்து (செடியைக் கத்தரிப்பது), கான் (வடிகால்) வெட்டு, லொறிக் கூலி. கவ்வாத்து வெட்டிய மலையில் மாதக்கணக்கில் கொழுந்து இருக்காது. சேமலாப நிதிக்கு முதலாளி போட்ட பங்கும் நின்றுபோனால் அதையும் கழிக்கவேண்டும்.

5. வீட்டில் எத்தனை கைகள் வேலை செய்தன என்பதையும் பார்க்கவேண்டும். பேர் ஒருவருக்கு விழும். பங்கு முறையில் தாத்தா புல் பிடுங்குவதும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சாக்குத் தூக்குவதும் அதே காசுக்குள் அடங்கிவிடும்.

பருவம் வேறு இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வருடத் தொடக்கத்து வறட்சியில் கொழுந்து சுருங்கும். தேயிலையின் தரமும் விலையும் ஏறும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காலம். சூத்திரம் ஏல விலையோடு கட்டப்பட்டிருந்தால் குறைந்த கொழுந்துக்குக் கூடிய விலை கிடைத்து ஓரளவு சரியாகும். கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பனி ஒரு நிலையான விலை வைத்தால் தொழிலாளிக்கு வறட்சி மட்டும் மிஞ்சும்.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டதை நினைத்துப் பாருங்கள். அரசாங்கத்தின் ஒரு முடிவு, கொழுந்து விழுந்தது. பேர் வாங்கியவர்கள் வேலை நாள் குறைந்து கஷ்டப்பட்டார்கள். பங்கு முறையில் இருந்திருந்தால் நட்டமும் முழுசாக அவர்கள் பங்கு.

சிறுதோட்டக்காரர் ஆகிவிடுவார்களா?

நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருபவர்கள் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சிறுபற்றுநிலக்காரர்கள். "அவர்களைப் போல நீங்களும்" என்பதுதான் பங்கு முறையின் கவர்ச்சி. வித்தியாசங்கள் இவை:

1. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலத்தில் உரித்து இருக்கிறது. அடகு வைக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். பங்கு முறைக் குடும்பத்துக்குச் செடியைப் பார்க்கும் பொறுப்பு மட்டும்.

2. ஒரு தொழிற்சாலை நல்ல விலை தராவிட்டால் அவர்கள் அடுத்த லொறிக்குப் போடலாம். இங்கே வாங்குவது ஒரே கம்பனி.

3. அவர்களுக்கு அரசின் சூத்திரம். இங்கே ஒப்பந்தக் காகிதம் என்ன சொல்கிறதோ அதுதான் விலை. அந்தக் காகிதம் எந்த மொழியில் இருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும்.

4. நடுகை மானியம், ஆலோசனை என்று அவர்களுக்கெனத் தனி அதிகார சபை இருக்கிறது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது உரக் கடன். உரத்தையும் மருந்தையும் முன்கூட்டிக் கொடுத்துக் கொழுந்துக் காசில் கழிப்பது இந்த முறையின் இயல்பு. இரண்டு மோசமான பருவம் வந்தால் குடும்பத்தின் பேரில் கடன் நிற்கும். குடியிருக்கும் லயமும் அதே தோட்டத்துடையது. கடனும் கூரையும் ஒரே கையில் இருந்தால் அதற்கு மலையகத்தில் ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது: துண்டு.

எனவே நிலவுரித்து, ஏலத்தோடு கட்டிய விலை, நிதிகளுக்கான ஏற்பாடு, விலகும் உரிமை எல்லாம் இருந்தால் பங்கு முறை நாட்சம்பளத்தைவிட மேலானதாகக்கூட இருக்கலாம். இவை இல்லாவிட்டால் அது கிலோக் கூலி. பெயர் மட்டும்தான் பங்கு.

ஊர் மாறிவிட்டது

பழைய தோட்டம் ஒரு தனி உலகம். லயம், பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்), டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ளேயே. அங்கே பிறந்த பிள்ளை அங்கேயே பேர் பதியும் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடியது. இன்று பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் இருக்கிறார்கள். ஒரே லயத்தில் பேர் பதிந்த தாய், பென்சன் இல்லாத தகப்பன், ஆசிரியர் வேலைக்குப் போகும் மகள், கொழும்பிலிருந்து காசு அனுப்பும் மகன். மலைக்குப் போவது தாய் ஒருவர்தான். தோட்டத்தில் இருப்போரெல்லாம் தோட்டத் தொழிலாளர் என்று நினைத்துப் போட்ட எந்தத் திட்டமும் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

அரசியலும் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் காசு செலவிடச் சட்டத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை லயத்துக்குப் போகும் பாதை கம்பனியின் தயவு. 2023இல் முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போன மலையகத்தார் சம்பள உயர்வோடு நிற்கவில்லை. காணி, முகவரி, அங்கீகாரம் என்று கேட்டார்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் மலைகள் சரிந்தபோது அந்தக் கோரிக்கையின் பொருள் பச்சையாகத் தெரிந்தது: வீடு போனவருக்கு வேறிடத்தில் காணி என்றால், அவரிடம் முதலில் காணி இருந்ததா என்ற கேள்வி வருகிறது.

இதனால்தான் சம்பளப் பேச்சும் காணிப் பேச்சும் இன்று தனித்தனியாக நடக்க முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. காணி இல்லாதவருக்குப் பேர்தான் பாதுகாப்பு, அதை விட்டுக்கொடுக்க அவர் தயங்குவார். 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று கொடுத்த சின்ன வீட்டுக் காணியில் குடியிருக்கலாம், தேயிலை நட்டுப் பிழைக்க முடியாது. பயிர் நிலத்தைப் பற்றி யாராவது பேசினால் உடனே குத்தகை குறுக்கே வரும்.

அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது. இன்று ஒரு மலையில் பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்தால், அந்த வருடம் அந்தச் செடிகளுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. நல்ல கொழுந்து விடும் வயது. அந்தக் கொழுந்தை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதுதான் அடுத்த கேள்வி.